மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: திருச்சியில் 1988இல் அப்பா கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும், 900 சதுர அடி, மேலே மொட்டை மாடி. ஜனவரி–பிப்ரவரியில் 320 யூனிட் காட்டும் மீட்டர் மே–ஜூனில் 740 காட்டுகிறது. படுக்கையறையில் ஒரு ஏ.சி., பழைய ஃபேன் நான்கு, போர்வெல் மோட்டார், அம்மா காலத்து ஃபிரிட்ஜ். இடித்துக் கட்ட வசதி இல்லை. நாங்களே கையால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நிறையவே. முதலில் உங்கள் கணக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குளிர் மாதத்து 320 யூனிட் உங்கள் வீட்டுச் சாமான்கள் தின்பது. மீதி 420 யூனிட் வெயிலால் வருவது. முதலாவதைக் குறைக்கச் சாமானைப் பார்க்க வேண்டும். இரண்டாவதைக் குறைக்க வீட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வெயில் கணக்கைக் குறைக்க ஏ.சி.யை மாற்றுகிறார்கள். கூரை அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும்போது எந்த ஏ.சி. போட்டாலும் அது உழைத்துக்கொண்டேதான் இருக்கும்.

தமிழ்நாட்டுக் கட்டணம் படிக்கட்டு மாதிரி, யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும் என்பதால் இந்த 420 யூனிட்தான் உங்கள் பணத்தில் பெரும்பகுதியைத் தின்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 740 யூனிட்டுக்கு அதே கணக்கில் 4,010 ரூபாய். அதற்குப் பிறகு ரேட்டு ஏறியிருக்கிறது, படிக்கட்டு அதேதான். யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் பில்லில் பாதிக்கு மேல் இறங்கும். ஆகவே 500க்குள் வருவது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

இணையத்தில் வீட்டு மின்சாரச் சிக்கனம் என்று தேடினால் வருவதில் முக்கால்வாசி குளிர் நாட்டு யோசனை. ஜன்னல் இடுக்கை அடை, சுவருக்குள் பஞ்சு திணி, தெற்குப் பக்கம் வெயிலை உள்ளே விடு என்பார்கள். அவர்களுக்கு வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்க வேண்டும். நமக்கு வெயில் கூரையில் படாமல் தடுக்க வேண்டும், ராத்திரி சூட்டை வெளியே துரத்த வேண்டும். திசைக் கணக்குகூட மாறும். திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை மதியத்தில் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. மே மாதம் தெற்குச் சுவரில் நேர் வெயில் அனேகமாக விழுவதில்லை. அடி வாங்குவது கூரை, அதற்கடுத்து மேற்குச் சுவர், பிறகு கிழக்கு. தெற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்கிய காசை நானும் ஒரு காலத்தில் வீணடித்தவன்தான்.

கூரையை எடுத்துக்கொள்வோம். 1988 வீடு என்றால் நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் தளம், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அல்லது சிமென்ட் பூச்சோடு விட்டிருப்பார்கள். சுருக்கியும் தட்டோடும் இருந்தால் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. எதுவாக இருந்தாலும் முப்பத்தைந்து வருடப் பாசியும் தூசியும் சேர்ந்து மாடி கறுத்திருக்கும். கறுத்த தளம் விழுகிற வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். குடித்த சூடு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கம் வந்து சேரும். மாடி அதிகம் கொதிப்பது பகல் ஒன்றரைக்கு என்றால், அந்தச் சூடு உங்கள் தலைக்கு மேல் இறங்குவது சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தால் மேலிருந்து அனல் அடிப்பது இதனால்தான். நீங்கள் ஏ.சி. போடுவதும் அதே நேரத்தில்.

இதற்கு மலிவான மருந்து வெள்ளை. தூய வெள்ளைப் பரப்பு வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். பழைய சிமென்ட் தளம் அதில் பாதியைக்கூடத் திருப்புவதில்லை. தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது, இந்த எளிய விஷயத்தை நம்பித்தான். கடையில் குளிர் கூரை பெயின்ட் என்று வாளியில் விற்கிறார்கள், நன்றாகவே உழைக்கும், விலைதான் கடிக்கும். முதல் வருடம் சுண்ணாம்பில் செய்து பாருங்கள்.

நான் கலக்கும் முறை இது. நீர்த்த சுண்ணாம்பு பத்து கிலோவை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, கொசுவலைத் துணியில் வடிகட்டி, கட்டிட வேலைக்கு விற்கும் பால் போன்ற ஃபெவிகாலில் ஒரு கிலோ சேர்த்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்வேன். பசை சேர்க்காவிட்டால் நடக்கும்போது காலில் ஒட்டி வீடு முழுக்க வெள்ளைத் தடம் வரும். அதற்கு முன்னால் மாடியைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் அடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்; வெள்ளை அடித்தபின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, மழையில் கூரைக்கு அடியில் ஈரமாகத் தெரியும். சாயங்காலம் தளத்தை ஈரப்படுத்தி முதல் கை, மறுநாள் சாயங்காலம் குறுக்குவாட்டில் இரண்டாம் கை. உச்சி வெயிலில் பூசினால் பிடிக்காமல் பொடியாக உதிரும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் கரைந்து குழாயில் போய்விடும். தை கடைசியிலோ மாசியிலோ பூசினால் கத்திரிக்குத் தயார். வெள்ளைப் பரப்பு வெளுப்பாக இருக்கும் வரைதான் வேலை செய்யும், அதனால் பங்குனி, சித்திரையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்.

எவ்வளவு குறையும்? கொரோனா காலத்தில் மளிகைக் கடைக்காரர்கூட நெற்றியில் காட்டிய துப்பாக்கி மாதிரி வெப்பமானி இருக்கிறதே, அதில் சுவருக்கும் பொருளுக்கும் பார்க்கிற வகை ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கிறது. உடம்புக்கென்றே விற்பது இதற்கு உதவாது. அதை வைத்து என் வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தை இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தபோது பூசுவதற்கு முன் 41, பூசிய பின் அதே மாதிரி வெயில் நாளில் 36. ஐந்து டிகிரி என்று கேட்டால் சின்னதாகத் தெரியும். தலைமாட்டில் 41 டிகிரிப் பலகை தொங்குவதற்கும் 36 டிகிரிப் பலகை தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் படுத்துப் பார்த்தால்தான் புரியும்.

வெள்ளைக்கு அடுத்த படி நிழல். படுக்கையறைக்கு மேலே மட்டும் இரும்புக் குழாய் நட்டுப் பச்சை வலை கட்டலாம். தளத்தோடு ஒட்டிக் கட்டாமல் ஆறேழு அடி உயரத்தில் கட்டுங்கள், நடுவில் காற்று ஓட வேண்டும். ஆடிக் காற்றுக்கு முன் கழற்றிவிடும் மாதிரிக் கட்டுவது நல்லது. கீற்றுக் கொட்டகை இன்னும் குளுமைதான், ஆனால் தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் எடைக் கணக்கைப் பார்க்காமல் போடுகிறார்கள். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி சொல்லும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஈர மண்ணை நாலு அங்குலம் பரப்பினாலே அதைத் தாண்டிவிடும். பழைய தளத்தில், கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்கிற இடத்தில், மண் பரப்பவே வேண்டாம். தொட்டிகளைச் சுவர் ஓரமாக மட்டும் வையுங்கள்.

அறைக்குள் தெர்மகோல் சீலிங் அடிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சூடு கொஞ்சம் குறையும், உண்மை. தீப்பிடித்தால் உருகி நம் மேல் சொட்டும், அதுவும் உண்மை. என் வீட்டில் அடிக்கமாட்டேன்.

ஜன்னலுக்கு ஒரே விதி: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே போடும் திரை, ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட வெயிலைத்தான் வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு அதுவே ஒரு சூடான பலகை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடிலிருந்து மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். இரண்டு ஆணி, ஒரு கயிறு, அரை நாள் வேலை. திருச்சி வறண்ட வெயில் என்பதால் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் நன்றாகக் குளிரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் இதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம், அங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. வாசனை மட்டும் கிடைக்கும்.

அப்புறம் ராத்திரிக் காற்று. பழைய வீட்டில் புது வீட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது, கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே வென்டிலேட்டர். கொசுவுக்கும் ஏ.சி.க்கும் பயந்து அதை அட்டை வைத்து அடைத்திருப்பீர்கள். சூடான காற்று மேலேதான் சேரும். அதற்கு வழி அதுதான். அட்டையை எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தால் மேல்கதவுக்குப் பூட்டோடு ஒரு கிரில் போட்டு ராத்திரி திறந்து வையுங்கள், அந்தப் படிக்கட்டு புகைக்கூண்டு மாதிரி சூட்டை இழுத்துவிடும். காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். பகலில் "காற்று வரட்டும்" என்று திறந்து வைத்தால் வருவது நாற்பது டிகிரிக் காற்று. ஸ்ரீரங்கம் பக்கம் முற்றம் வைத்த வீடுகளில் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஷீட்டை ஒட்டி மூடிவிடுகிறார்கள். அது வீட்டு நடுவில் ஒரு கொதிகலனை வைத்த மாதிரி. ஷீட்டை ஒன்றரை அடி உயர்த்தி நாலு பக்கமும் வலை அடித்தால் மழையும் வராது, சூடும் நிற்காது.

ஏ.சி. அறைக்கு மட்டும் குளிர் நாட்டு யோசனை பொருந்தும், ஏனென்றால் அங்கே மட்டும் நாமும் காற்றைப் பிடித்து வைக்கப் பார்க்கிறோம். அந்த ஓர் அறையின் வென்டிலேட்டருக்குத் திறந்து மூடும்படி ஓர் அக்ரிலிக் பலகை, கதவின் அடி இடுக்குக்கு ரப்பர்ப் பட்டை, மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பிளந்திருக்கும் கோட்டுக்குச் சிலிகான். ஓர் இரவு ஊதுவத்தி கொளுத்தி ஓரங்களில் காட்டுங்கள், புகை எங்கே ஓடுகிறது என்று பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். சமையலறையை இப்படி அடைக்கக் கூடாது. கேஸ் கீசர் இருக்கும் குளியலறையை அடைப்பது உயிருக்கே ஆபத்து. வாசனையே இல்லாத நச்சுக் காற்று அங்கே சேரும்.

ஏ.சி.யை 24இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏ.சி. மின்சாரத்தில் 6 சதவீதம் மிச்சம் என்பது மின்சாரச் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பின் கணக்கு. 2020 முதல் புது ஏ.சி.கள் எல்லாம் 24இலேயே தொடங்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்ததுதான். ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் கழுவ ஐந்து நிமிடம். சீசனில் மாதம் இரண்டு முறை செய்யுங்கள்.

இனி அந்த 320 யூனிட். இதற்கு உளவாளி உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். முகப்பில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை மினுக்கல் என்று அர்த்தம். 3200 என்றால், 1125ஐ இரண்டு மினுக்கலுக்கு நடுவில் ஆகும் வினாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். பத்து வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் 112 வாட். மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125க்குப் பதில் 2250. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உங்கள் வீட்டின் ஜாதகம் முழுக்கக் கைக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகும் மினுக்கினால்? பழைய வயரில் எங்கோ ஈரச் சுவர் வழியாகக் கசிகிறது. இதை நீங்கள் தொட வேண்டாம். வயர்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியே கசிவைக் கண்டதும் விழுந்துவிடும் டிரிப் ஸ்விட்ச் ஒன்றையும் போட்டுவிடுங்கள். மெயின் பாக்ஸில் இன்னும் ஃபியூஸ் கட்டைதான் இருக்கிறது என்றால் ஃபேன் மாற்றுவதற்கு முன்னால் இதுதான் முதல் செலவு.

உங்கள் 320இல் பெரிய பங்கு ஃபேனுக்குத்தான் இருக்கும். பழைய ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். குறைந்த மின்சாரத்தில் சுற்றும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், இரண்டை மாற்றினால் 80. நாலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், அதிகம் ஓடுகிற ஹால், படுக்கையறை இரண்டையும் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேன் அப்படியே கிடக்கட்டும். மாட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதை விட்டு வைத்துத்தான் பல பேர் "புது ஃபேன் ஆறு மாதத்தில் போய்விட்டது" என்கிறார்கள். பழைய ஃபேனையே ஓட்டப் போகிறீர்கள் என்றால், சூடாகும் பெரிய பெட்டி ரெகுலேட்டரைத் தூக்கிப் போட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டுங்கள். பழைய பெட்டி, வேகத்தைக் குறைத்தாலும் மிச்ச மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வோல்டேஜைத் திட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும்.

சோக்கு போட்ட பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் தின்னும், எல்.இ.டி. பட்டை 20 வாட். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஃபிரிட்ஜை அளக்க நல்ல நாள், குடும்பத்தோடு ஊருக்குப் போகும் நாள். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடட்டும், போகும்போதும் வந்த பிறகும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன ஃபிரிட்ஜ் நாளைக்கு இரண்டு யூனிட் இழுத்தால் அதற்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அதே அளவில் இன்றைய மூன்று ஸ்டார் பெட்டிக்கு அரை யூனிட்டை ஒட்டிப் போதும். மாற்ற மனசில்லையா, கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. சோப்பு நீரில் துடைத்து வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தால் சில சமயம் மீண்டுவிடும். பின்னால் உள்ள கறுப்புக் கம்பியில் ஒட்டடை தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

போர்வெல்லில் காற்று கம்ப்ரசர் வைத்து இறைக்கிற வீடா உங்களுடையது? அந்தக் காலத்து வீடுகளில் அதிகம். மோட்டார் தடதடக்கும், தண்ணீர் தும்மித் தும்மி வரும். மோட்டார் இழுக்கிற மின்சாரத்தில் தண்ணீராக மேலே வருவது கொஞ்சம்தான், மீதி காற்றை அழுத்துவதிலும் சூடாவதிலும் போய்விடும். இது உங்கள் கையால் ஆகிற வேலை இல்லை, சப்மெர்சிபிளுக்கு மாற்றக் காசும் வேண்டும். ஆனால் ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்ப எத்தனை மினுக்கல் ஆகிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண ஒரு ஹெச்.பி. மோட்டார்கூட மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். டேங்க் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொல்கிற வீடாக இருந்தால் ஒரு மிதவை ஸ்விட்ச் வாங்கி மாட்டுவது இரட்டை லாபம்.

கடைசியாக சோலார். நீங்கள் கேட்கவில்லை, அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, 2 கிலோவாட் என்றால் 60,000. மேலே சொன்னவற்றை முடித்து ஒரு கோடையைக் கடந்து புது ரீடிங்கைப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். 740க்குப் போடுகிற பலகையும் 500க்குப் போடுகிற பலகையும் ஒன்றல்ல. போடும்போது தரையோடு ஒட்டிய ஸ்டாண்டுக்குச் சம்மதிக்காதீர்கள். ஆளுயரத்துக்கு மேல் தூக்கி, படுக்கையறைக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பச்சை வலையைக் கழற்றிவிடலாம், துணியும் அதன் அடியிலேயே காயும்.